நாவற்பழக் கறையும் சூரிய மின்கலமும்

ஆனி, ஆடி மாதங்கள் நாவற்பழக் காலம். தருமபுரி மாவட்டத்து மொரப்பூர்ப் பக்கம் பள்ளிப் பிள்ளைகளின் நாக்கைப் பார்த்தாலே பருவம் தெரிந்துவிடும். ஊதா நிறம் நாக்கோடு நிற்பதில்லை. வெள்ளைச் சட்டையிலும் ஏறிவிடுகிறது. ஏறிய கறையை எவ்வளவு கசக்கினாலும் அதன் சாயல் முழுவதும் போவதில்லை.

அந்தக் கறை நமக்கு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. ஒன்று, நாவற்பழச் சாயம் ஒளியை விழுங்குகிறது. அதனால்தான் அது கருமையாகத் தெரிகிறது. மற்றொன்று, அது நூலைப் பற்றிக்கொண்டு விட மறுக்கிறது. ஒளியை விழுங்கும் குணமும் பற்றிக்கொள்ளும் குணமும் சேர்ந்த ஒரு பொருளைக்கொண்டு வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்க முடியும். 2017-இல் ரூர்க்கி ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் நாவற்பழச் சாயத்தைக்கொண்டே அப்படி ஒரு மின்கலத்தைச் செய்து காட்டினார்கள்.

"அப்படியானால் நம் ஊர் நாவல் மரங்களே போதுமே, வீட்டுக்கு வீடு விளக்கு எரிக்கலாமே!" என்று யாரேனும் கேட்கலாம். கேள்வி நல்ல கேள்விதான். ஆனால், அந்த மின்கலத்தின் திறன் 1 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. நண்பகலில் ஒரு சதுர மீட்டர் தரையில் விழும் வெயிலின் ஆற்றல் ஏறத்தாழ 1,000 வாட். 1 சதவீதத் திறன் என்றால், அதில் நமக்குக் கிடைப்பது 10 வாட். ஒரு கட்டில் அளவு பரப்பை மின்கலத்தால் மூடினாலும் ஓரிரு எல்.இ.டி. விளக்குகள்தாம் எரியும்.

இந்த 1 சதவீதத்தை 15 சதவீதமாக்கிய முயற்சியின் வரலாறு சுவையானது. நல்ல சாயத்தைத் தேடியது அதில் ஒரு பகுதி மட்டுமே. சாயத்துக்கு உட்கார இடம் தேடியது ஒரு பகுதி. சாயம் இழந்ததைத் திருப்பித் தர வழி தேடியது இன்னொரு பகுதி. இந்தக் கடைசித் தேடலில் நமக்குப் பக்கத்திலுள்ள கண்டி நகரத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

பொட்டு கறுத்த கதை

நம் வீடுகளில் உள்ள மிகப் பழைய புகைப்படங்களைக் கூர்ந்து பாருங்கள். பாட்டியின் நெற்றியில் இருந்த சிவந்த குங்குமப் பொட்டு, படத்தில் மைப்பொட்டுப் போலக் கறுத்திருக்கும். அக்காலப் புகைப்படத் தகடுகளில் பூசப்பட்டிருந்த வெள்ளி உப்புகள் நீல ஒளியை உணர்ந்தன. பச்சையையும் சிவப்பையும் அவை கண்டுகொள்ளவில்லை.

1873-இல் பெர்லினில் புகைப்படக் கலைப் பேராசிரியராக இருந்த ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் ஒரு விந்தையைக் கவனித்தார். இங்கிலாந்தில் செய்யப்பட்ட சில தகடுகள் பச்சை ஒளியையும் உணர்ந்தன. ஆராய்ந்தபோது, வேறு காரணத்துக்காக அவற்றில் ஒரு சாயம் சேர்க்கப்பட்டிருந்தது தெரிந்தது. சாயம் பச்சை ஒளியை விழுங்கி, அதன் ஆற்றலைப் பக்கத்திலுள்ள வெள்ளி உப்புக்குக் கொடுத்திருக்கிறது! தான் பார்க்க முடியாத நிறத்தைச் சாயத்தின் கண்ணால் அந்த உப்பு பார்த்தது என்று சொல்லலாம்.

ஒளியால் மின்சாரம் பிறக்கும் என்பது அதற்கு முன்பே தெரிந்த செய்தி. 1839-இல் பிரான்சு நாட்டு எட்மண்ட் பெக்கரல், 19 வயது இளைஞராக இருந்தபோதே, கரைசலில் அமிழ்த்திய மின்வாய்களின் மேல் ஒளி பட்டால் மின்னோட்டம் உண்டாவதைக் கண்டிருந்தார். பெக்கரலின் மின்சாரத்தையும் ஃபோகலின் சாயத்தையும் ஒன்று சேர்த்தால் என்ன? 1887-இல் வியன்னாவில் ஜேம்ஸ் மோசர் அதைச் செய்தார். வெள்ளி உப்புப் பூசிய மின்வாயில் எரித்ரோசின் என்னும் செந்நிறச் சாயத்தை ஏற்றியபோது, ஒளியால் உண்டாகும் மின்விளைவு கூடியது. சாய மின்கலத்தின் விதை அன்றே விழுந்துவிட்டது. ஆனால், அது முளைக்க ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

ஒரே வரிசை இருக்கைகள்

1954-இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தார் 6 சதவீதத் திறனுள்ள சிலிக்கன் மின்கலத்தை வெளியிட்டனர். இன்று நம் ஊர்க் கூரைகளில் காணும் பலகைகள் அதன் வாரிசுகளே. சிலிக்கன் ஒளியை விழுங்குவது, பிறந்த மின்சாரத்தைக் கடத்துவது ஆகிய இரண்டு வேலைகளையும் தானே செய்கிறது. அதனால் அது மிகமிகத் தூய்மையாக இருக்கவேண்டும், தூய்மைக்குப் பெருஞ்செலவாகும்.

இலையைப் பாருங்கள். அங்கே இந்த வேலைகள் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. பச்சையம் ஒளியைப் பிடிக்கிறது; அதனிடமிருந்து கிளம்பும் எலெக்ட்ரானை வேறு மூலக்கூறுகள் கைமாற்றிக் கொண்டு போகின்றன. இதே முறையில், ஒளியைச் சாயம் விழுங்கட்டும், மின்சாரத்தை ஒரு குறைகடத்தி சுமக்கட்டும் என்று விட்டுவிடலாம் அல்லவா?

1968-இல் மியூனிக் நகரில் ஹைன்ஸ் கெரிஷரும் அவருடைய குழுவினரும் துத்தநாக ஆக்சைடுப் படிகத்தின்மேல் சாயம் ஏற்றி, ஒளியில் மின்னோட்டம் பிறப்பதை நுணுகி ஆராய்ந்தனர். 1971-இல் ஹெல்முட் டிரிபுட்சும், ஒளிச்சேர்க்கை ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்ற மெல்வின் கால்வினும், பச்சையத்தையே அவ்வாறு படிகத்தில் ஏற்றிக் காட்டினர். கொள்கை சரியே என்பது உறுதியாயிற்று. கிடைத்த மின்சாரமோ மிகச் சொற்பம்.

காரணம் எளிது. வழவழப்பான படிகத்தின்மேல் சாய மூலக்கூறுகள் ஒரே ஓர் அடுக்காகத்தான் உட்கார முடியும். ஒரு மூலக்கூறு கனமுள்ள அடுக்கு, தன்மேல் விழும் ஒளியில் 100-க்கு 1 பங்கைக்கூடப் பிடிக்காது. மீதி அப்படியே ஊடுருவிப் போய்விடும். "அப்படியானால் சாயத்தைத் தடித்துப் பூசினால் என்ன?" என்றால், அதுவும் பயனில்லை. படிகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் மூலக்கூறு மட்டுமே எலெக்ட்ரானை அதற்குள் செலுத்த முடியும். மேலே குவிந்திருப்பவை ஒளியை விழுங்கினாலும் அந்த ஆற்றல் வீணாகிறது. சாயமோ மின்சாரத்தை எளிதில் கடத்தாத பொருள். ஒரே வரிசை இருக்கைகள் உள்ள கொட்டகைக்கு வெளியே ஆயிரம் பேர் காத்திருப்பதைப் போன்ற நிலைதான் இது.

கேழ்வரகு சொல்லும் கணக்கு

இருக்கைகளைப் பெருக்கும் வழியை முதலில் காட்டியவர்களுள் ஜப்பானியர் முக்கியமானவர்கள். 1976-இல் ஒசாகா பல்கலைக்கழகத்தின் ஹிரோஷி சுபோமுராவும் தோழர்களும் வழவழப்பான படிகத்தை விட்டுவிட்டு, துத்தநாக ஆக்சைடுத் தூளைச் சுட்டு, நுண்துளைகள் நிறைந்த வில்லையாக்கிக்கொண்டனர். அதில் ரோஸ் பெங்கால் என்னும் சாயத்தை ஏற்றியபோது, குறிப்பிட்ட ஒரு நிற ஒளியில் 1.5 சதவீதத் திறன் கிடைத்தது. துளைகளின் உட்சுவர்களிலும் சாயம் உட்கார்ந்ததே இந்த ஏற்றத்துக்குக் காரணம்.

அடுத்த பெரும் பாய்ச்சல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் நடந்தது. மைக்கேல் கிரேட்சலும் பிரையன் ஓரீகனும் எடுத்துக்கொண்ட பொருள் டைட்டேனியம் டை ஆக்சைடு. இது நமக்குப் புதியதன்று. வெள்ளைச் சுவர்ப் பூச்சிலும் பற்பசையிலும் வெண்மை தருவது இதுவே. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் இல்மனைட் இதற்கு மூலப்பொருள். விலை குறைந்தது, நஞ்சற்றது, வெயிலில் கெடாதது. ஆனால், வெள்ளைப் பொருளாதலால் கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது விழுங்குவதில்லை. அந்தக் குறையை நிரப்பவே சாயம் வேண்டியிருக்கிறது.

அவர்கள் பயன்படுத்திய துகள்களின் குறுக்களவு சுமார் 15 நானோமீட்டர். தலைமயிர் ஒன்றின் குறுக்கே இத்தகைய துகள்களில் 5,000 வரை வரிசையாக அடுக்கலாம். இத்துகள்களைக் கூழாக்கி, மின்கடத்தும் கண்ணாடியில் பூசிச் சுட்டனர். கிடைத்த படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் 100-இல் 1 பங்கு.

மொரப்பூர்ப் பகுதியில் கேழ்வரகு அறியாதவர் இல்லை. ஒரு படி கேழ்வரகைக் களத்தில் கொட்டினால் அது அடைக்கும் இடம் சிறியதுதான். ஆனால், ஒவ்வொரு மணியின் மேற்புறத்தையும் உரித்தெடுத்துப் பக்கம் பக்கமாக விரிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அது எவ்வளவு இடத்தை அடைக்கும்! மணி சிறுத்தால் மொத்த மேற்பரப்பு இன்னும் பெருகும். லோசான் படலத்தில் 1 சதுர சென்டிமீட்டர் இடத்துக்குள் ஏறத்தாழ 780 சதுர சென்டிமீட்டர் மேற்பரப்பு அடங்கியிருந்தது. ஒரு வரிசை இருந்த இடத்தில் 780 வரிசை இருக்கைகள்! ஒவ்வொரு சாய மூலக்கூறும் துகளைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் ஒளி தப்பிப் போக இடமில்லை.

1991 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் இந்த முடிவு வெளிவந்தது. சூரிய ஒளிக்கு ஒப்பான ஒளியில் 7.1 முதல் 7.9 சதவீதம் வரை திறன். 1 சதவீதத்துக்கே தடுமாறிய சாய மின்கலம், சிலிக்கனின் முதல் மின்கலத்தை ஒரே தாவலில் தாண்டிவிட்டது.

ஓர் எலெக்ட்ரானின் சுற்றுப்பயணம்

இந்த மின்கலம் எப்படி வேலை செய்கிறது? ஓர் எலெக்ட்ரானின் பின்னாலேயே போய்ப் பார்ப்போம்.

ஒளி பட்டதும் சாய மூலக்கூறில் உள்ள எலெக்ட்ரான் ஒன்று உயர்ந்த ஆற்றல் நிலைக்கு ஏறுகிறது. ஏறிய வேகத்தில் டைட்டேனியம் துகளுக்குள் தாவிவிடுகிறது. பிறகு துகளிலிருந்து துகளுக்குத் தடவித் தடவி நடந்து, கண்ணாடியை அடைந்து, கம்பி வழியே வெளியேறுகிறது. விளக்கோ விசிறியோ இயக்கிவிட்டு, எதிர்ப்பக்கக் கண்ணாடிக்கு வந்து சேர்கிறது. இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே அயோடின் கலந்த ஒரு திரவம் இருக்கிறது. மின்பகுளி எனப்படும் அந்தத் திரவம், வந்த எலெக்ட்ரானை வாங்கிக்கொண்டு போய், அதை இழந்து நிற்கும் சாயத்திடம் ஒப்படைக்கிறது. சாயம் பழைய நிலையை அடைந்து அடுத்த சுற்றுக்குத் தயாராகிறது.

இப்பயணத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் இழப்பு உண்டு. கிணற்றில் கவலை ஓட்டி நீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நீர் வருகிறது, எவ்வளவு உயரத்துக்கு வருகிறது என்ற இரண்டும் சேர்ந்ததே பயன். மின்கலத்தில் நீரின் அளவுக்கு ஒப்பானது மின்னோட்டம். உயரத்துக்கு ஒப்பானது மின்னழுத்தம். திறனைக் கூட்ட இரண்டையுமே பார்த்தாகவேண்டும்.

மின்னோட்டத்தைக் கூட்டியது சாயம். 1993-இல் கிரேட்சல் குழுவினர் ருத்தீனியம் என்னும் அரிய உலோகம் சேர்ந்த 'என்-3' என்ற சாயத்தை வெளியிட்டபோது திறன் 10 சதவீதத்தை எட்டியது. அந்த ஆய்வறிக்கையின் முதல் ஆசிரியர் முகம்மது காஜா நசீருத்தீன், ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயின்ற நம் நாட்டு வேதியியலர். 2001-இல், சிவப்புக்கு அப்பாலுள்ள ஒளியையும் ஓரளவு பிடிக்கும் 'கறுப்புச் சாயம்' திறனை 10.4 சதவீதமாக்கியது.

அதன்பின் வேகம் குறைந்தது. ஏனெனில், இழப்பு உயரத்தில் இருந்தது. அயோடின் திரவம் பொறுமையான வேலையாள். துகளுக்குள் போகும் எலெக்ட்ரானை வழிமறித்துப் பிடுங்குவது அரிது. ஆனால், தான் சுமந்து வரும் எலெக்ட்ரானைச் சாயத்திடம் ஒப்படைக்கும்போது பெரிய சரிவில் இறக்கிவிடுகிறது. அந்தச் சரிவில் ஏறத்தாழ அரை வோல்ட் வீணாகப் போனது. கலம் கொடுத்ததோ சுமார் 0.7 வோல்ட். கிணற்று மேட்டுக்கு வந்த நீரில் பாதி உயரத்தை வாய்க்காலிலேயே இழந்த கணக்குத்தான்.

கடுக்காயும் கறையும்

இனி நம் நாவற்பழத்துக்கு வருவோம். அதன் ஊதா நிறத்துக்குக் காரணம் ஆந்தோசயனின் என்னும் நிறமிக் குடும்பம். செம்பருத்திப் பூவின் சிவப்பும் கருந்திராட்சைத் தோலின் கருமையும் இதே குடும்பம்தான். இவற்றுள் சிலவற்றின் மூலக்கூறில் அடுத்தடுத்து இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் இருக்கும். நண்டின் கொடுக்கு இரண்டு விரலால் கவ்வுவதுபோல, அவை டைட்டேனியம் அணுவைக் கவ்விக்கொள்கின்றன.

நம் சாயத் தொழிலாளர்களுக்கு இது கைவந்த வித்தை. பருத்தித் துணியில் சாயம் நிலைக்கவேண்டுமானால் முதலில் கடுக்காய் நீரில் நனைப்பார்கள். பிறகு படிகாரம் இடுவார்கள். கடுக்காயில் உள்ள டானின் ஒருபுறம் நூலையும் மறுபுறம் படிகாரத்தின் அலுமினியத்தையும் பற்றிக்கொள்கிறது. மொரப்பூரைச் சுற்றியுள்ள வறண்ட காடுகளில் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும் ஆவாரையின் பட்டையிலும் டானின் உண்டு. தோல் பதனிட அதனை நெடுங்காலம் பயன்படுத்தியிருக்கிறார்கள். டானின் வகைப் பொருள்கள் டைட்டேனியம் படலத்தையும் நன்றாகப் பற்றி, ஒளியில் மின்னோட்டம் தருகின்றன என்பதை 1996-இல் இலங்கை ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டனர்.

பற்றுதல் இவ்வளவு நன்றாக இருந்தும் இயற்கைச் சாயங்களின் திறன் குறைவாக இருப்பதேன்? 1997-இல் கருநாவற்பழம் போன்ற மேல்நாட்டு பிளாக்பெர்ரிப் பழத்தின் சாயத்தைக்கொண்டு கிரேட்சலும் மற்றவர்களும் செய்த கலம் 0.56 சதவீதமே தந்தது. பழச்சாயம் பச்சை ஒளியை ஒட்டிய குறுகிய பகுதியைத்தான் விழுங்குகிறது. சிவப்பு முழுவதும் தப்பிவிடுகிறது. அதன் எலெக்ட்ரான் துகளுக்குள் தாவிய பிறகும் அருகிலேயே இருப்பதால், திரும்பி வந்து விழுவதும் எளிதாகிறது. மேலும், பழத்தில் சாயம் தனித்திருப்பதில்லை. சர்க்கரையும் அமிலங்களும் கூடவே வந்து இருக்கைகளைப் பிடித்துக்கொள்கின்றன. கறை நிலைப்பதற்குத் தேவையான குணம் ஒன்று. மின்சாரத்துக்குத் தேவையான குணங்கள் பல.

கண்டியில் கேட்ட கேள்வி

லோசான் மின்கலத்துக்கு உலகமே மாலை சூட்டிக்கொண்டிருந்த நாளில், அதன் பலவீனம் ஒன்று எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. அது உள்ளேயிருந்த திரவம். திறன் மிகுந்த கலங்களில் அயோடினைக் கரைக்க உதவிய அசிட்டோநைட்ரைல் 82 டிகிரி செல்சியஸில் கொதிப்பது. அதற்கு முன்பே எளிதில் ஆவியாவது. சித்திரை வெயிலில் நம் ஊர்க் கூரைமேல் வைத்த பலகை 60 டிகிரியைத் தாண்டிச் சுடும். விளிம்பில் இட்ட அடைப்பு மயிரிழை விட்டாலும் திரவம் கசிந்து, கலம் செத்துப்போகும். குளிர்நாட்டுச் சோதனைச்சாலையில் சிறு தொல்லையாக இருப்பது, வெப்ப நாட்டில் உயிர்நிலைக் கேள்வியாகிவிடுகிறது.

இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர்களுள் முன்னோடி, இலங்கையின் பேராசிரியர் கீர்த்தி தென்னக்கோன். கண்டி ஹந்தானையில் உள்ள அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றியவர். செம்பின் சேர்மமான தாமிரத் தயோசயனேட்டின்மேல் சாயம் ஏற்றும் ஆய்வுகளை 1980-களிலேயே வெளியிட்டவர். திரவத்தையே நீக்கிவிட்டு, அதன் இடத்தில் ஒரு திடப்பொருளை வைத்தால் கசிவதற்கு என்ன இருக்கிறது?

1995-இல் தென்னக்கோனும் குமாரா முதலிய தோழர்களும் அப்படி ஒரு கலத்தை வெளியிட்டனர். அதில் ஒருபுறம் டைட்டேனியம் டை ஆக்சைடு. மறுபுறம் தாமிர அயோடைடு. நடுவில் சயனிடின் என்னும் பூச்சாயம். செம்பருத்தி போன்ற செம்பூக்களின் நிறத்துக்கு அடிப்படையாக உள்ள அதே பொருள்! தாமிர அயோடைடைக் கரைத்து, சூடான படலத்தின்மேல் சொட்டுச் சொட்டாக விட்டால், கரைப்பான் ஆவியாகி, துளைகளுக்குள் திடப்பொருள் தங்கிவிடும். எளிய கருவிகளாலேயே செய்யக்கூடிய முறை இது.

கலம் வேலை செய்தது. ஆனால், அதற்கும் ஒரு நோய் இருந்தது. உப்பளத்தில் நிதானமாகக் காயும் நீர் கல்லுப்பாகத் திரள்வதுபோல, தாமிர அயோடைடும் பெரிய படிகங்களாகத் திரண்டது. துளைக்குள் நுழையவேண்டியது துளையின் வாயிலேயே அடைத்துக்கொண்டது. உள்ளே இருந்த சாயத்துக்கு இழந்ததைத் திருப்பித் தர ஆளில்லை. நாளாக ஆகத் திறனும் தேய்ந்தது.

இதற்குக் கண்ட மருந்து நம் அடுக்களைக்குத் தெரிந்ததுதான். சர்க்கரைப் பாகு பூத்துப்போகாமலிருக்கச் சில துளி எலுமிச்சைச் சாறு விடுகிறோம் அல்லவா? 2002-இல் குமாரா, தென்னக்கோன், ஜப்பானின் ஷிசுவோக்கா பல்கலைக்கழகத்துக் கொன்னோ ஆகியோர், தாமிர அயோடைடுக் கரைசலில் தயோசயனேட் உப்பு வகை ஒன்றைச் சிறிதளவு சேர்த்தால் படிகம் பெருக்காமல் நிற்பதைக் காட்டினர். படிகம் சிறுத்தது, துளைகள் நிரம்பின, கலத்தின் திறனும் ஆயுளும் கூடின.

இக்குழுவின் பணி இத்துடன் நிற்கவில்லை. டைட்டேனியத்தை விட்டு, வெள்ளீய ஆக்சைடையும் துத்தநாக ஆக்சைடையும் கலந்து படலம் செய்து பார்த்தனர். தனித்தனியே சுமாராக இருந்த அவ்விரண்டும் சேர்ந்தபோது, திரவக் கலத்தில் 8 சதவீதத்தை ஒட்டிய திறன் கிடைத்தது. 1999-இல் வெளியான இம்முடிவு, டைட்டேனியம் ஒன்றே வழி என்ற எண்ணத்தை மாற்றியது.

திடப்பொருளின் திருப்பம்

கண்டியில் கேட்ட கேள்விக்கு உலகின் பல மூலைகளிலிருந்து விடைகள் வந்தன. 1998-இல் கிரேட்சல் குழுவினர் கரிமத் திடப்பொருள் ஒன்றைத் திரவத்தின் இடத்தில் வைத்தபோது கிடைத்தது 0.74 சதவீதமே. யாரும் கைதட்டவில்லை, ஆனால், அவர்கள் விடவுமில்லை.

2009-இல் ஜப்பானின் சுடோமு மியாசாகா குழுவினர், சாயத்துக்குப் பதிலாகப் பெரோவ்ஸ்கைட் என்னும் வகையைச் சேர்ந்த ஒரு படிகத்தை இதே கலத்தில் வைத்து 3.8 சதவீதம் பெற்றனர். அதன் எதிரி அந்தத் திரவமே. படிகத்தை அது கரைத்துவிட்டது. 2012-இல் திரவத்தை எடுத்துவிட்டு, 1998-இன் அந்தக் கரிமத் திடப்பொருளை வைத்ததும் திறன் 10 சதவீதத்தை ஒட்டி ஏறியது. இன்று பெரோவ்ஸ்கைட் மின்கலங்கள் ஆய்வுக்கூடத்தில் 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. ஈயம் கலந்திருப்பதும் ஈரத்தில் கெடுவதும் அவற்றின் குறைகள்.

சாய மின்கலமும் சும்மா இருக்கவில்லை. 2011-இல் அயோடினுக்குப் பதிலாகக் கோபால்ட் சேர்மம் வந்தது. சரிவு குறைந்தது, மின்னழுத்தம் 0.9 வோல்ட்டைத் தாண்டியது, திறன் 12.3 சதவீதமாயிற்று. அதில் பயன்பட்ட சாயம், பச்சையத்தின் உறவான போர்ஃபிரின் வகை. 2014-இல் 13 சதவீதம். 2017-இல், திரவம் வற்றித் திடமாகிப்போன தாமிரச் சேர்மத்தைக்கொண்ட ஒரு கலம் 11 சதவீதம் தந்தது. செத்துப்போயிற்று என்று எறியவேண்டிய வறண்ட கலம் உயிரோடு இருந்தது! திடப்பொருளும் தாமிரமும் மீண்டும் முன்னுக்கு வந்தன.

2022-இல் லோசான் குழுவினர் 15.2 சதவீதத்தை வெளியிட்டனர். இங்கேயும் வெற்றி புதுச்சாயத்தால் மட்டும் வந்ததன்று. இரண்டு சாயங்களைச் சேர்த்தனர். பூசுமுன் ஒரு துணைப்பொருளைப் படியவைத்து, மூலக்கூறுகள் முண்டியடிக்காமல் வரிசையாக உட்காரும்படி செய்தனர். ஃபோகல் காலத்துச் சாயமும், ஒசாகாவின் துளையும், கண்டியின் கேள்வியும் வந்து கூடிய இடம் என்று இதைச் சொல்லலாம்.

அறைக்குள் ஒரு வேலை

கூரைமேல் சாய மின்கலம் சிலிக்கனை வெல்லுமா? கடைகளில் கிடைக்கும் சிலிக்கன் பலகைகளே 20 சதவீதத்துக்கு மேல் தருகின்றன. 25 ஆண்டுகள் உழைக்கின்றன. விலையும் வெகுவாக இறங்கிவிட்டது. வெட்டவெளியில் அந்தப் போட்டி முடிந்துவிட்டது என்றே கொள்ளலாம்.

ஆனால், வீட்டுக்குள்ளே வேறு கதை. எல்.இ.டி. விளக்கின் ஒளியில் கண்ணுக்குத் தெரியும் நிறங்கள் மட்டுமே உண்டு. சாயங்கள் விழுங்குவதும் அவற்றைத்தான். மங்கிய ஒளியில் சிலிக்கன் சோர்ந்துவிடுகிறது. சாய மின்கலம் அவ்வளவு சோர்வதில்லை. 2017-இல் 1,000 லக்ஸ் அறையொளியில் 28.9 சதவீதம் பதிவாயிற்று. 2022-இன் கலம் 30 சதவீதம் வரை சென்றது. இந்த எண்ணைக் கண்டு மயங்கவேண்டாம். அறையொளியே மிகச் சிறிது. உள்ளங்கையளவு கலத்திலிருந்து கிடைப்பது சுமார் 9 மில்லிவாட். விசிறி சுழலாது. ஆனால், சுவர்க் கடிகாரத்துக்கும், அறை வெப்பத்தை அளந்து சொல்லும் சிறு கருவிக்கும், தூக்கியெறியும் பட்டன் பாட்டரிக்கு மாற்றாகவும் அது போதும். திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டிலுள்ள சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வு நிறுவனத்திலும் இத்தகைய அறையொளிக் கலங்களைப் பற்றிய ஆராய்ச்சி நடந்து வருகிறது.

ஆகவே, ஒரு மின்கலத்தின் திறன் இத்தனை சதவீதம் என்று யாரேனும் சொன்னால், நாம் உடனே மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். எந்த ஒளியில் அளந்தீர்கள்? எத்தனை நாள் நிலைத்தது? எந்த வெப்பத்தில் வைத்துப் பார்த்தீர்கள்? ஐரோப்பாவின் ஆய்வுக்கூடத்தில் பிறந்த எண்ணும், மொரப்பூர்க் கூரையின் எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கண்டியில் பணி செய்தவர்கள் பெரிய எண்ணைத் துரத்தாமல், தங்கள் வெயிலுக்குத் தாங்கும் கலம் எது என்று கேட்டார்கள். அக்கேள்வியின் மதிப்பு, அன்று அவர்களுக்குக் கிடைத்த சதவீதத்தைவிடப் பெரிதாக இருந்தது.

அடுத்த நாவற்பழப் பருவத்தில் பள்ளி ஆய்வுக்கூடத்தில் நீங்களும் முயன்று பார்க்கலாம். மின்கடத்தும் கண்ணாடித் துண்டுகள் இரண்டு, டைட்டேனியம் டை ஆக்சைடு நுண்தூள், பழச்சாறு, பென்சில் கரி, அயோடின் கரைசல், ஒரு மின்னழுத்தமானி ஆகியவை போதும். தூளைக் கூழாக்கிப் பூசிச் சுடுவதையும், அயோடினைக் கையாள்வதையும் ஆசிரியர் துணையோடு செய்யுங்கள். வெயிலில் காட்டியதும் முள் அசையும். அசைவு சிறியதாக இருந்தால் மனம் தளரவேண்டாம். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அளந்து, எந்த ஒளியில், எந்த நேரத்தில் எடுத்த அளவு என்பதையும் சேர்த்துக் குறித்து வாருங்கள். சட்டையில் பட்ட கறை பல சலவைக்கும் நிற்கிறது. கண்ணாடியில் ஏற்றிய சாயம் எத்தனை நாள் வெயிலுக்கு நிற்கிறது என்பதை அந்தக் குறிப்பு சொல்லும்.